வால் சிறகின் மூன்றாவது கீல்

என் அன்பான தனா அண்ணா,

நீ போய் ஒரு வருஷம் முடிந்துவிட்டது. மூலக்கொத்தளம் இடுகாட்டில் நம் நைனாவுக்குப் பக்கத்திலேயே உனக்கும் இடம் கிடைத்ததே என்று வந்தவர்கள் எல்லாம் ஆறுதல் சொன்னார்கள். எனக்கு எதுவும் ஆறவில்லை. ஏன் என்று உனக்குத் தெரியாது. தெரியாமலேயே போய்விட்டாய்.

இதை யாருக்கும் காட்டாமல் எழுதி உன் படத்துக்குப் பின்னால் செருகி வைத்திருக்கலாம். ஆனால் உன் கையைப் பற்றி ஊரே பேசியது, அண்ணா. நான் பக்கத்திலேயே நின்றுகொண்டு வாயை மூடிக்கொண்டிருந்தேன். இப்போது நான் சொல்வதையும் ஊர் கேட்கட்டும் என்றுதான் பத்திரிகைக்கு அனுப்புகிறேன்.

உன் வலது கையில் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் போன நாளை நீ மறந்திருக்க மாட்டாய். சாத்தாங்காடு இரும்பு மார்க்கெட்டில் நீ வேலை பார்த்த இடத்தில், கிரேன் சங்கிலியிலிருந்து ஒரு தகடு நழுவி உன் கைமேல் விழுந்தது. ஆஸ்பத்திரியில் நீ அழவில்லை. வீட்டுக்கு வந்து, சட்டைப் பொத்தானைப் போட முடியாமல் அண்ணியைக் கூப்பிட்டபோதுதான் அழுதாய். இருபது வருஷம் கிரேன் ஓட்டிய உன்னை கேட்டில் உட்காரவைத்து, வந்து போகிற லாரிகளின் நம்பரை எழுதச் சொன்னார்கள். இடது கையால் எழுதப் பழகினாய்.

அந்த மாதங்களில் உன்னை வெளியே இழுத்துப்போனவர் கரீம் பாய் ஒருத்தர்தான். வண்ணாரப்பேட்டையில் மோட்டார் சாமான் கடை வைத்திருக்கிறவர். ஞாயிறு காலைகளில் மாத்தூர் தாண்டி ஒரு காலி மைதானத்தில் ரிமோட் விமானம் விடுகிற பத்துப் பன்னிரண்டு பேரில் அவரும் ஒருவர். உன்னிடம் ஒரு சின்ன தெர்மோகோல் விமானத்தைக் கொடுத்தார். ரிமோட்டின் வலது குச்சியைக் கட்டைவிரலுக்கும் மோதிர விரலுக்கும் நடுவே பிடித்து நீயே ஒரு பிடி கண்டுபிடித்தாய். மூன்று மாதத்தில் அது வானத்தில் பல்டி அடித்தது. அன்று வீட்டுக்கு வந்து அண்ணியிடம், "என் கையி இன்னும் கீது செல்வி" என்றாய்.

பிறகுதான் அந்தப் பெட்டி வந்தது. யாரோ ஆர்டர் கொடுத்துவிட்டு வாங்க வராமல் போன, பாகங்களை ஒட்டிக் கட்டுகிற விமானக் கிட்டை, பாய் உனக்கே கொடுத்துவிட்டார். இரண்டு பேர் தூக்கிக்கொண்டு மாடி ஏறினீர்கள். கதவைத் திறந்த அண்ணி, "இன்னா பாய் இது, சவப்பொட்டி மாதிரி கீது?" என்றார்.

"ப்ளேனு. அந்தக் காலத்து சண்டை ப்ளேனு" என்று நீதான் பதில் சொன்னாய்.

"ஏன், ஜனங்க போற ப்ளேனு கெடைக்கலியா?"

"அத்த வுட்றது பஸ்ஸு ஓட்ற மாதிரி. இது உருளும், தலகீயா போவும். குண்டடி பட்டாக்கூட ஆள வூட்ல கொணாந்து சேத்துரும்."

இறக்கை மட்டும் முனைக்கு முனை ஏழடிக்கு மேல். அதைக் கோணாமல் கட்ட நேரான பலகை வேண்டுமென்று, எங்கிருந்தோ ஒரு பழைய மரக்கதவை வாங்கிவந்து ஹாலில் செங்கல் அடுக்கி அதன்மேல் கிடத்தினாய். அன்றிலிருந்து நாம் மூன்று பேரும் சமையலறையில் நின்றுகொண்டே சாப்பிட்டோம். கதவின் மேல் பிளான் தாளை விரித்து, வெட்டிய பால்சா மரத் துண்டுகளை ஒவ்வொன்றாக அதில் குண்டூசியால் நிறுத்தி ஒட்ட வேண்டும். மரம் அத்தனை லேசு. மூச்சு விட்டால் பறக்கும். திருவொற்றியூர் உப்புக் காற்றில் ஊசியெல்லாம் துருப்பிடித்தது. கீழே கன்டெய்னர் லாரி வரிசை நகர்ந்தால் ஹாலே அதிரும். அது போகிறவரைக்கும் கையைத் தூக்கிக்கொண்டு காத்திருப்பாய்.

கல்யாணம் வேண்டாமென்று உங்களோடேயே இருந்துவிட்டவள் நான். தண்டையார்பேட்டையில் ஒரு பரிசோதனைக் கூடத்தில் ரத்தம் எடுக்கிற வேலை. சின்னத் துண்டுகள் உன் பிடியில் நிற்காமல் விழுந்தபோது, ஒருநாள் என்னைப் பார்த்துச் சொன்னாய்: "கலா, உன் கையி ஊசி குத்தற கையி. ஆடாது. எனுக்கு ரெண்டு வெரலு கடனா குடேன்."

கொடுத்தேன். ஒன்றரை வருஷம். வேலை முடிந்து வந்து, டீ குடித்துவிட்டு, உன் எதிரே உட்காருவேன். நீ சொல்வாய், நான் வைப்பேன். உனக்கு ஒரு சட்டம் உண்டு. ஒட்டியது காய்ந்ததும் இழுத்துப் பார்த்தாக வேண்டும். "நல்லா ஒட்டிகினுருந்தா, பிச்சாலும் மரத்தோடதான் வரும்" என்பாய். அப்படி ஒரு துண்டைப் பிய்த்துக் காட்டினாய். மர நார் பசையோடு உரிந்து வந்தது. அண்ணியின் இஸ்திரிப் பெட்டியால் இறக்கைக்குச் சாம்பல் நிற ஃபிலிம் ஒட்டி முடித்தபோது, ஹாலில் ஒரு நிஜ விமானம் குட்டி போட்ட மாதிரி இருந்தது.

இனி சொல்லப்போவதுதான் உனக்குத் தெரியாதது.

அது ஒரு சனிக்கிழமை மாலை. என்னோடு வேலை செய்கிற பெண்ணுக்கு ராயபுரத்தில் ரிசப்ஷன். நான் பட்டுப்புடவை கட்டி, பூ வைத்துக்கொண்டு கிளம்பி நிற்கிறேன். நீ வால் சிறகை மடியில் வைத்துக்கொண்டு, "கீலு மட்டும் வெச்சிட்டுப் போயேன் கலா. காலீல பாய் வந்து பாக்கறேன்னுகீறாரு" என்றாய்.

கீல் வைக்க வேண்டியது வால் சிறகின் பின்விளிம்பில் மேலும் கீழும் அசைகிற பலகைக்கு. அதை எலிவேட்டர் என்பாய். விமானத்தின் மூக்கைத் தூக்குவதும் இறக்குவதும் அதுதான். இடது பக்கம் முன்பே முடிந்திருந்தது. வலது பக்கத்துக்கு மூன்று கீல்; ஒவ்வொன்றின் முனையும் பசையோடு மரத்துளைக்குள் போக வேண்டும். இரண்டு ட்யூபிலிருந்து பிதுக்கிக் கலக்கிய பசை ஐந்து நிமிடத்தில் இறுகிவிடும். எனக்கு எரிச்சல். என் நாள், என் புடவை, அதற்கும் உன் விமானம்தானா என்று. இரண்டு கீலைச் செருகினேன். மூன்றாவதை எடுக்கும்போது ஒரு சொட்டு பசை புடவை மடிப்பில் விழுந்தது. அப்படியே போட்டுவிட்டு ஸ்பிரிட் பஞ்சை எடுக்கப் போய், அங்கேயே துடைத்துக்கொண்டிருந்தேன். திரும்பி வந்தபோது நீ முகம் கழுவப் போயிருந்தாய்; பசை நூல் விட ஆரம்பித்திருந்தது. புதிதாகக் கலக்க வேண்டும் என்று எனக்குத் தெரியும். அந்தக் கெட்டிப் பசையையே தடவி, கீலைத் துளைக்குள் தள்ளினேன். பசை உள்ளே போகாமல் வாயிலேயே சுருண்டது. அதை வழித்துத் துடைத்துவிட்டேன். வெளியே பார்க்க அவ்வளவு சுத்தமாக இருந்தது.

மறுநாள் காலை நீ கேட்டாய்: "மூணையும் இஸ்துப் பாத்தியா?"

"பாத்தேண்ணா" என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன்? அப்போதே இழுத்துப் பார்த்திருந்தால் அது கையோடு வந்திருக்கும். திட்டியிருப்பாய், அவ்வளவுதானே?

மூன்று வாரம் கழித்து மாத்தூர் மைதானம். பாய் எல்லாவற்றையும் அசைத்துப் பார்த்தார். எல்லாம் அசைந்தது. பெட்ரோல் இஞ்சின் உறுமியதும், பக்கத்தில் கிரிக்கெட் ஆடிக்கொண்டிருந்தவர்கள்கூட ஓடிவந்து நின்றார்கள். நீ குச்சியை மெல்ல இழுத்தாய். அது எழும்பியது அண்ணா, நிஜமாகவே எழும்பியது. இரண்டு சுற்று வந்தாய். அண்ணி வாயைப் புடவையால் மூடிக்கொண்டு அழுதார். மூன்றாவது சுற்றில் எங்கள் முன்னால் வேகமாகக் காட்ட மூக்கை இறக்கினாய். அப்போது வால் பக்கம் படபடவென்று ஒரு நடுக்கச் சத்தம். நீ இழுக்கிறாய், தோளோடு சேர்த்து இழுக்கிறாய், அது ஏறவில்லை. நேரே தரையில் போய்க் குத்தியது.

நீ ரிமோட்டைப் பார்க்கவில்லை, உடைந்ததையும் பார்க்கவில்லை. உன் கையைப் பார்த்தாய். "கையி வரல பாய்" என்றாய். "வெரலு இருந்திருந்தா தூக்கியிருப்பேன்."

பின்னால் யாரோ, "ரெண்டு வெரலு இல்லாத ஆளுக்கு இம்மாம் பெரிய ப்ளேனு எதுக்குப்பா?" என்றார்கள். உன் காதில் அது விழுந்தது. நான் உன் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

சிதறியதைப் பொறுக்கப் போனது நான். வலது எலிவேட்டர், விமானம் குத்திய இடத்துக்கு வெகு முன்னாலேயே, தனியாகப் புல்லில் கிடந்தது. இரண்டு கீல் மரத்தைப் பிய்த்துக்கொண்டு வந்திருந்தன. மூன்றாவது ஒரு நார்கூட ஒட்டாமல் வழவழவென்று இருந்தது. முதலில் கழன்றது அதுதான். அது கழன்று பலகை படபடத்துத்தான் மற்ற இரண்டும் பிய்ந்தன. அதைப் பிடுங்கி என் கைப்பைக்குள் போட்டுக்கொண்டேன்.

வீட்டுக்குப் போய்ச் சொல்லலாம் என்று நினைத்தேன். வீட்டில் நீ எனக்கு ஆறுதல் சொன்னாய். "ஒன்ற வருஷம் உன்ன வாட்டி எடுத்துட்டேன் கலா. நீ இல்லன்னா அது தரைய வுட்டே கெளம்பியிருக்காது." மறுநாள் பார்த்துக்கொள்ளலாம் என்றிருந்தேன். பிறகு எத்தனை மறுநாள்.

நீ அந்தக் கையை விட்டுவிட்டாய். டீ கிளாஸையும் இடது கையில் வாங்கினாய். கேட்டில் உட்காரும்போது வலது கையை மேசைக்குக் கீழே வைத்துக்கொள்வாய் என்று உன்னோடு வேலை செய்தவர் பிறகு சொன்னார். அதுவரை வேலைக்கு ஓட்டிப்போன பைக்கை விற்றுவிட்டாய். "முன் பிரேக்கு இந்தக் கையிதான் புடிக்கணும். நம்ப முடியாது" என்றாய். பஸ்ஸை விட்டு இறங்கி, லாரிகள் முட்டிக்கொண்டு நிற்கிற அந்த ரோட்டோரமாக வேலைக்கு நடந்துபோனாய். ஐந்து மாதம் நடந்தாய். மழை பெய்த ஒரு காலையில், பின்னால் எடுத்த கன்டெய்னர் லாரிக்கும் சுவருக்கும் நடுவே. டிரைவர் பார்க்கவில்லையாம்.

பைக்கில் போயிருந்தால் உனக்கு எதுவும் ஆகியிருக்காது என்று என்னால் சொல்ல முடியுமா? தெரியவில்லை. ஆனால் நீ ஏன் நடந்தாய் என்று எனக்குத் தெரியும்.

உன் வருஷ நினைவு நாள் முடிந்த மறுநாள் பாய் கடைக்குப் போனேன். கீலைக் கல்லாப் பலகையில் வைத்து, எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவருக்கு விளக்க வேண்டியிருக்கவில்லை.

"ஒரு நாளு அவன் இங்க வந்து, இதே இடத்துல நின்னு கேட்டாம்மா" என்றார். "'பாய், நெசத்த சொல்லு, என் கையிதானா?'ன்னான். தோஸ்துக்குப் பொய் சொல்லக் கூடாதுன்னு, 'ஆமாம்பா, உன் கையிதான்'னேன். என் வாயால சொன்னேன்மா."

நான் மன்னிப்புக் கேட்டேன். "என்னாண்ட இன்னாத்துக்குக் கேக்கற?" என்றார். கடையில் வேறு யாரும் இல்லை. கீலை என் பக்கம் நகர்த்திவிட்டு, கணக்கு நோட்டை விரித்துக்கொண்டார். அதை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

அன்றைக்கே அண்ணியிடமும் சொன்னேன். அண்ணி அரிசி களைந்துகொண்டிருந்தார். கையை நீரிலிருந்து எடுக்காமலே கேட்டார்.

"உங்க அண்ணன் தூங்கறப்ப அந்தக் கைய தலகாணிக்கு அடியில வெச்சிகினு தூங்குவாரு. தெரியுமா உனுக்கு?"

"தெரியாது அண்ணி."

"அஞ்சு மாசம் அவரு கூடவே இருந்த. அவரு போயி ஒரு வருஷம் என் கையால சோறு துன்ன." பிறகு வெகு மெதுவாக, "நீ வேற எடம் பாத்துக்க கலா. உன் மொகத்தப் பாத்துகினு என்னால இருக்க முடியாது" என்றார்.

அவர் சொன்னதில் ஒரு சொல்லும் தப்பில்லை. இப்போது ராயபுரத்தில் ஒரு அறையில் இருக்கிறேன். வேலைக்குப் போகிறேன், ரத்தம் எடுக்கிறேன். கை நடுங்குவதே இல்லை. அதை நினைத்தால்தான் பயமாக இருக்கிறது.

வருகிற ஞாயிறு காலை மாத்தூர் மைதானத்துக்குப் போவேன். பாய் வரச் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. அன்று நின்று பார்த்தவர்கள் முன்னால் நான் செய்ததைச் சொல்வேன். அன்று வந்து இப்போது வராதவர்களின் வீட்டையும் விசாரித்துப் போய்ச் சொல்வேன். நீ வேலை செய்த கேட்டிலும் சொல்வேன். மன்னித்துவிடு என்று உன்னைக் கேட்க மாட்டேன், அண்ணா. கேட்டிருக்க வேண்டிய ஐந்து மாதமும் நீ என் எதிரே உட்கார்ந்திருந்தாய். உன் கையால்தான் விழுந்தது என்று கேள்விப்பட்ட ஒவ்வொருத்தரிடமும் இது ஒன்றை மட்டும் சொல்லி முடிப்பேன்: அது தரையைத் தொடுகிற வரைக்கும் உன் கை சரியாகத்தான் இழுத்தது.

உன்னிடம் பொய் சொன்ன
உன் ஒரே தங்கச்சி,
கலா