நெற்கூடத்து மாப்பிள்ளை

ஏரி நிறைக, எல்லை அமைதி கொள்க, பசித்தவர் எல்லாம் இலை விரித்து அமர்க. மேழிமலை நாடாளும் விறல்மலையப் பெருமான் வாய்மொழிந்தருள, அவர்தம் ஓலைநாயகம் நன்னாகன் எழுதுவது. பொலிக்குடிக் கோட்டையும் அதன் அரச நெற்கூடமும் காக்கும் தலைவர் வயிரவேலர் காண்க. உம் வாளும் குடியும் நலமுறுக.

நெற்கூடக் காவலாட்டி உலகாயியை நீர் சிறையிட்டதும், வரும் அமாவாசையன்று அவளை நாடு கடத்தி, அவள் வளர்த்த கீரிகளைச் சாக்கிலிட்டு ஆற்றில் அமிழ்த்தத் தீர்ப்பளித்ததும், அவள் கணவன் காரி அழுதுகொண்டே வந்து முறையிட்டதால் திருமுன் தெரியவந்தன. குற்றம் யாதெனப் பெருமான் வினவ, தடுத்த பெயரைச் சொன்னதே குற்றமென்றான். அது என்ன பெயர் என்றதற்கு, பாவம், வெகுநேரம் தலையைச் சொறிந்துகொண்டு நின்றான்.

அக்கீரிகள் பனிநாட்டுக் குதிரை வணிகர் தந்த காணிக்கை. நம் கீரியினும் மெலிந்து நீண்டு, வெண்ணெய் நிறத்தில், முதுகை வளைத்துத் துள்ளியோடும் அவற்றுக்கு நம் மொழியில் பெயரில்லை. அவைப் புலவர் கூடி ‘நெடுமெய் வெண்குறுங்காலி’ எனச் சூட்டினர். அதைச் சொல்லி முடிப்பதற்குள் அது எலியைத் தின்றே முடித்துவிடும். நெற்கூடத்துப் பெண்டிரோ தம் வாய்க்கு வந்தபடி அழைத்தனர். சந்து கண்ட இடமெல்லாம் தலையை நுழைப்பதால் ‘இடுக்குச் சாமியார்’ என்றனர். அகப்பட்டதையெல்லாம் இழுத்துப்போய் ஒளிப்பதால் ‘கிண்ணக் கள்ளி’ என்றனர். நிலைத்தது உலகாயி இட்ட பெயரே. பகலெல்லாம் துணிச்சுருளுக்குள் உறங்கும். எழுந்தால் பாலும் முட்டையும் எதிர்பார்க்கும். தாமதித்தால் விரலைக் கடிக்கும். ஆகவே ‘வீட்டோடு மாப்பிள்ளை’ என்றாள். விதைநெல்லில் எலி வாய் வைக்காமல் காப்பவரும் அந்த மாப்பிள்ளைகளே.

நீரோ மாமனார் மனையில் வாழ்பவர். அப்பெயர் ஒலிக்கும்தோறும் காவலர் உம்மைப் பார்த்து மீசைக்குள் சிரித்தனர், உமக்குச் சுருக்கென்றது. இனி அதை எவரும் சொல்லலாகாதெனப் பறையறைவித்தீர். உலகாயியும் வாயை மூடிக்கொண்டுதான் இருந்தாள். ஆனால் அடைமழையில் சுவர் சரிந்து ஒரு கீரி வளைக்குள் அகப்பட்டபோது, பழகிய பெயரன்றி வேறெதற்கும் அது அசையவில்லை. சேற்றில் குப்புறக் கிடந்து, அப்பெயரையே சொல்லித் தொண்டை கட்டும்வரை கெஞ்சி, அதை உயிரோடு வெளிக்கொணர்ந்தாள். நீர் எதிரே நின்றிருந்தீர். அன்றே அவளுக்கு விலங்கு பூட்டினீர்.

காரி இதைச் சொல்லி முடித்ததும் அவையில் ஒருவரும் நிமிரவில்லை. ஏனெனில் நம் பெருமானும் மறைந்த மன்னரின் ஒரே மகளாகிய அரசியாரை மணந்து, பெண் வீட்டுக்கு வந்து அரியணை ஏறியவர். பெருமான் வாய்விட்டுச் சிரித்தார். பிறகு, தாம் வந்த புதிதில் மடைப்பள்ளியில் எழும் ஒவ்வொரு சிரிப்பும் தம்மைக் குறித்ததென்றே எண்ணி உள்ளுக்குள் வெந்ததைச் சொன்னார். வயிரவேலர் படும் வலியைத் தாம் அறிவதாகவும், அதற்காக ஒருத்தி தன் ஊரை இழக்க ஒப்பமுடியாதெனவும் அருளினார்.

ஆகவே ஆணை. இவ்வோலை கண்ட நாழிகையே உலகாயியின் விலங்கை உம் கையாலேயே கழற்றுக. கீரிகளை ஒன்றும் குறையாமல் அவளிடம் சேர்க்க. பெயர்மேல் இட்ட தடை இன்றோடு நீங்கிற்று. மீறின் உம் தலைமை உம்மிடம் இராது. மேழி பொறித்த அரச முத்திரை இட்டோம். மறுமொழி வேண்டா, செயலே வேண்டும்.

முத்திரைக்குக் கீழே பெருமான் தம் எழுத்தாணியால் கீறியது:

தம்பி, யாமும் வெகுகாலம் அரைவயிற்றோடு இலையைவிட்டு எழுந்தோம். இன்று உம் மாமியாரிடம் இன்னும் ஒரு பிடி சோறு கேட்டு வாங்கி உண்க. இதுவும் ஆணை.