கறுப்புக் கசகசா

அன்புள்ள அப்பாவுக்கு,

சுரங்க வேலையில் உங்கள் முதுகுவலி கூடிவிடவில்லையே? பிஸ்மார்க் நகரத்தில் நானும் அம்மாவும் நலம். முதியோர் இல்லத்தில் அம்மாவுக்குப் பழைய மருத்துவமனைச் சம்பளத்தில் பாதிதான். ஆனால் மருந்து அலமாரிச் சாவியைத் தொடக்கூடாத நர்ஸை நம் ஊரில் யாரும் வேலைக்கு எடுக்கவில்லையே.

தினமும் காலையில் அம்மா நர்ஸிங் போர்டுக்குப் போன் செய்து, இன்று சிறுநீர்ச் சோதனை உண்டா என்று கேட்கிறாள். வலி மாத்திரைப் பழக்கத்தை விட்டுவிட்டாள் என்பதற்கு அந்தச் சோதனைதான் சாட்சி. ஒருமுறை தவறினாலும் நர்ஸ் லைசென்ஸ் போய்விடும், நாங்கள் ஊர் திரும்புவதும் தள்ளிப்போகும்.

ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் திருமதி ஹால்வர்சன் எலுமிச்சை கேக் கொடுத்தார். அம்மா அதை வாயருகே கொண்டுபோனபோதுதான் கறுப்புப் புள்ளிகளைக் கவனித்தேன். கசகசா! இங்கே அது கறுப்பு நிறம். அதைத் தின்றால் சோதனையில் அபின் என்று காட்டும் என நூலகத்தில் படித்திருக்கிறேன். பாய்ந்து தட்டிவிட்டேன்.

"பாத்தீங்களா, வீட்டுக்குள்ளயே ஒரு போலீஸை வளத்து வச்சிருக்கேன்!" என்றாள் அம்மா. எல்லோரும் சிரித்தார்கள்.

பிறகு காரில் ஏறியவள் அதைக் கிளப்பாமல் என் பக்கம் திரும்பினாள். "நீயும் என்னைக் கண்காணிச்சுக்கிட்டேதான் இருக்கியா, டெலியா?" என்று கேட்டாள்.

என் நீல ஸ்வெட்டரை அனுப்புங்கள், அப்பா. இங்கே குளிர் அதிகம். இன்னொன்று. போனை எடுத்ததும் அம்மாவிடம் "ஒழுங்கா இருக்கியா?" என்று கேட்காதீர்கள். "சாப்பிட்டியா?" என்று மட்டும் கேளுங்கள்.

பள்ளி பஸ் வந்துவிட்டது.

உங்கள்
டெலியா