தொண்ணூறு நாள் திருச்சிக்காரி

மே 27, புதன்

மழை இல்லை. புழுக்கம். கரண்ட் நேற்றுதான் வந்தது, நெட் இன்னும் இல்லை. புயலில் விழுந்த மரம் குவார்ட்டர்ஸ் கேட்டை மறித்துக்கொண்டு ஒரு வாரமாகக் கிடக்கிறது.

விசா முடிய இன்னும் ஒன்பது நாள். ஜூன் 5. மார்ச் 8-ல் தங்கை வசந்தியைப் பார்க்க வந்தேன், மூன்று வாரத்தில் மலேசியாவுக்கு, ஈப்போ வீட்டுக்குத் திரும்புவதாக டிக்கெட். அப்புறம் கொரோனாவால் விமானம் நின்றது, எல்லை மூடியது. ஜூன் 5-க்குள் நீட்டிப்பு வாங்காவிட்டால் திருட்டுத்தனமாகத் தங்கியவள் என்று பெயர் வரும். பிறகு இந்தப் பக்கமே விட மாட்டார்கள். வசந்தியை எப்போது பார்ப்பது?

மனு ஆன்லைனில். வேண்டியவை:
– பாஸ்போர்ட், விசா ஸ்கேன்
– போட்டோ
– முகவரிக்கு அத்தாட்சி
– சி ஃபார்ம் (வெளிநாட்டு ஆள் வீட்டில் தங்கினால் வீட்டுக்காரர் ஒரே நாளில் அரசாங்கத்துக்குத் தெரிவிக்க வேண்டிய தாள்)

என் கையில் இருப்பது போட்டோ மட்டும். பாஸ்போர்ட் ர.விடம். அதாவது ரகு, வசந்தியின் கணவர், துறைமுகத்தில் கிளார்க். ஸ்கேன் எடுக்க வாங்கிப் போனது 18-ம் தேதி. ஒரு ஸ்கேனுக்கு ஒன்பது நாளா? பள்ளிக்கூட ஆபீசில் இருபது வருஷம் குப்பை கொட்டியவள் நான். எனக்கே காது குத்துகிறாரா?

மே 28, வியாழன்

காலை டீயோடு கேட்டுவிட்டேன். பாஸ்போர்ட் ஆபீஸ் பீரோவில் பத்திரமாக இருக்கிறதாம். இந்தக் கீழ்வீட்டில் தண்ணீர் புகுந்துவிடும் என்று புயலுக்கு முந்தின நாள் அங்கே வைத்தாராம். பீரோ சாவி ஜாதவ்பூரில் இருக்கும் ஒருவரிடமாம். பஸ் இல்லையாம். அவர் ஃபோனும் கிடைக்கவில்லையாம். எத்தனை 'ஆம்'!

சி ஃபார்ம் கொடுத்தீர்களா என்றேன். வந்த மறுநாளே கொடுத்தாயிற்று என்றார். நகல்? அதுவும் ஆபீசில். கடைசியில் வங்காளியில் "ஹோபே, ஹோபே" என்று எழுந்து போய்விட்டார். நடக்கும் என்று அர்த்தம். இந்த ஊரில் எது நடக்காவிட்டாலும் அதைத்தான் சொல்கிறார்கள்.

எனக்கு ஏன் சந்தேகம் வராது? இந்தக் காலனிக்கு நான் திருச்சிக்காரி. மார்ச்சில் வெளிநாட்டிலிருந்து வந்தவர்களைக் கண்டாலே கதவை மூடினார்கள். தவிர, குவார்ட்டர்ஸில் வெளியாள் தங்க எழுத்தில் அனுமதி வேண்டும். ர. கமிட்டியிடம் "ஒய்ஃபோட அக்கா, திருச்சி" என்று சொல்லிவைத்துவிட்டார். கமிட்டிக்கு ஒரு பொய் சொன்னவர் அரசாங்கத்துக்கு மட்டும் உண்மையை எழுதியிருப்பாரா?

திருச்சியில் நான் இருந்தது மொத்தம் ஒரு நாள், கோயில் டூரில்.

மே 29, வெள்ளி

மேல்மாடிக்கார பௌதி (இங்கே அண்ணியை அப்படித்தான் கூப்பிடுகிறார்கள்) படியில் நிறுத்தி, ஹிந்தியில், திருச்சியில் எந்த இடம் என்று கேட்டாள். மலைக்கோட்டைப் பக்கம் என்றேன். மாஸ்க்குக்கு மேலே கண் மட்டும் சிரித்தது. சாதாரணமாகக் கேட்டாளா, ஆழம் பார்த்தாளா? இனி துணி காயப்போட மொட்டைமாடிக்கு மதியம்தான் போக வேண்டும். அப்போது அவள் தூங்குவாள்.

மதியம்: பருப்பு, புடலங்காய்ப் பொரியல். நான்தான் சமையல்.

மே 30, சனி

ர. பால்கனியில் ஃபோன். குரலைத் தாழ்த்தி, வங்காளியில். நான் உள்ளே துணி மடித்துக்கொண்டிருந்தேன். மூன்று மாதத்தில் இவ்வளவு புரிகிறது: "நா நா, த்ரிச்சி... ஆரோ ஏக் மாஷ்." இல்லை இல்லை, திருச்சி. இன்னும் ஒரு மாதம்.

யாருடைய ஒரு மாதம்? என்னுடையதுதானே.

எழுதிப் பார்க்கிறேன்:
1. சி ஃபார்ம் கொடுக்கவே இல்லை. இப்போது கொடுத்தால் மாட்டிக்கொள்வார்.
2. அதனால் பாஸ்போர்ட்டை ஒளித்து வைத்து நாளைக் கடத்துகிறார்.
3. வேலைக்காரி லாக்டவுனில் வருவதில்லை. மூன்று வேளையும் சமைக்க ஓர் ஆள், சம்பளம் இல்லாமல்.

மூன்றாவதை எழுதக் கை கொஞ்சம் தயங்கியது. எழுதிவிட்டேன்.

வசந்தியிடம் பேச்சை எடுத்தால் அரிசியில் கல் தேடுகிறாள். "அவரு பாத்துக்குவாரு லா, நீ சும்மா இரேன்." ஈப்போ 'லா' இன்னும் நாக்கை விட்டுப் போகவில்லை. இவளும் கூட்டா?

ஜூன் 1, திங்கள்

நெட் வந்தது. அரசாங்கத் தளத்தில் நுழைந்தேன். பாஸ்போர்ட் இல்லாமல் மனு பாதியில் நிற்கிறது. கீழே புகார் எழுத ஓர் இடம்.

எழுதினேன். என் ஆபீஸ் இங்கிலீஷில், மூன்று பத்தி. வீட்டுக்காரர் என் பாஸ்போர்ட்டைத் திருப்பித் தர மறுக்கிறார். சி ஃபார்ம் தரவில்லை என்று நம்பக் காரணம் உண்டு. நான் எந்த ஊர் என்று காலனியில் பொய் சொல்லியிருக்கிறார். கிடர்பூர் முகவரி, குவார்ட்டர்ஸ் எண், பிளாக். எதையும் விடவில்லை. அனுப்பினேன்.

நிம்மதி. இரண்டு லூச்சி கூடவே சாப்பிட்டேன். பூரியை மைதாவில் போட்டால் லூச்சி, அவ்வளவுதான்.

ஜூன் 2, செவ்வாய்

ர. சாயங்காலம் வந்தார். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. யாருடைய சைக்கிளையோ வாங்கி ஜாதவ்பூர் வரை மிதித்துப் போய், சாவி வாங்கி, ஆபீஸ் போய், ஸ்கேன் எடுத்து, என் மனுவை அங்கிருந்தே அனுப்பிவிட்டார். பாஸ்போர்ட்டைப் பிளாஸ்டிக் உறையிலிருந்து எடுத்துக் கொடுத்தார். "சரியா இருக்கான்னு பாத்துக்கங்க அக்கா."

கூடவே சி ஃபார்ம் நகல். தேதி மார்ச் 9. நாடு: மலேசியா. எல்லாம் உள்ளது உள்ளபடி.

குளியலறையில் போய்ப் பாஸ்போர்ட்டின் பக்கங்களை எண்ணினேன். எண்ணி முடித்த பிறகுதான் வெட்கம் வந்தது.

புகாரைத் திரும்ப வாங்க வழி தேடினேன். இல்லை. 'பெறப்பட்டது' என்று ஓர் எண் மட்டும்.

யாரிடமும் சொல்லவில்லை.

ஜூன் 3, புதன்

காலையில் தூறல். பத்தரைக்குப் புகாரை விசாரிக்க விசா ஆபீசிலிருந்து ஒருவர் வந்தார், மாஸ்க், ஃபைல். மரியாதையான மனிதர். பாஸ்போர்ட் என்னிடம் இருக்கிறதா என்று கேட்டார். காட்டினேன். யாராவது பிடித்து வைத்திருக்கிறார்களா? இல்லை. எழுதிக்கொண்டார், ர.வுக்குப் புகாரின் பிரதி ஒன்று கொடுத்தார், போய்விட்டார். விசாவைப் பொறுத்தவரை அதோடு முடிந்தது.

ஆனால் பிளாக் எந்தப் பக்கம் என்று தெரியாமல் அவர் முதலில் போனது குவார்ட்டர்ஸ் ஆபீசுக்கு. மலேசியாப் பெண்மணி இருக்கும் வீட்டுக்கு வழி கேட்டிருக்கிறார். சாயங்காலத்துக்குள் ர.வுக்குக் கமிட்டியின் கடிதம்: அனுமதி இல்லாமல் வெளிநாட்டு ஆளைத் தங்கவைத்தது, ஊரை மாற்றிச் சொன்னது. மூன்று நாளில் விளக்கம் தர வேண்டும். திருப்தி இல்லையென்றால் வீட்டைக் காலி செய்ய வேண்டியிருக்கும்.

அந்த பால்கனி ஃபோன் கமிட்டிச் செயலாளரோடு. உங்கள் விருந்தாளி எப்போது போவாள் என்று குடைந்தவரிடம் இன்னும் ஒரு மாதம் கேட்டுக் கெஞ்சியிருக்கிறார். இதை பௌதிதான் சொன்னாள். நான் வெளியூர் இல்லை, வெளிநாடு என்று அவளுக்கு ஏப்ரலிலேயே தெரியுமாம். யாரிடமும் மூச்சு விடவில்லையாம். நான் அவளுக்குப் பயந்து மதிய வெயிலில் துணி காயப்போட்டேன்.

வசந்தி புகாரின் பிரதியை இரண்டு தடவை படித்தாள். கத்தவில்லை.

"பதினோரு வருஷமா அவரோட வாழ்றேன்க்கா. அவரு எப்படின்னு எங்கிட்ட ஒரு வார்த்த கேக்கணும்னு உனக்குத் தோணலையா?"

தோணவில்லை. அவளையும்தான் சந்தேகப்பட்டேன் என்று எப்படிச் சொல்வது? அவள் அறைக்குள் போய்த் தாழ் போட்டுக்கொண்டாள்.

ஜூன் 4, வியாழன்

நீட்டிப்பு வந்துவிட்டது. மெயில், காலை பதினொன்று. ஜூலை 5 வரை தங்கலாம். தங்கும் முகவரி: இந்த வீடு.

யாரிடம் காட்டுவது?

ர. வெள்ளைத்தாளும் பேனாவும் எடுத்துக்கொண்டு வந்து எதிரே உட்கார்ந்தார். விளக்கக் கடிதம். "உங்க கம்ப்ளெய்ன்ட் படிச்சேன் அக்கா. இங்கிலீஷ் ரொம்ப நல்லா இருந்துது. இதையும் நீங்களே எழுதிக் குடுங்க."

குத்தினாரா, நிஜமாகவே சொன்னாரா? பார்த்தேன். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. கோபமில்லையா என்று கேட்டேன். "இருக்கு. முதல்ல லெட்டர் முடியட்டும்" என்றார்.

அவர் சொல்லச் சொல்ல எழுதினேன். தேதி, எண், பொருள். உண்மையை மறைத்ததற்குக் காரணம் என்ன என்று எழுத வேண்டிய இடத்தில் நிறுத்தினேன். அவர், வெளியே அனுப்பிவிடுவார்களோ என்று பயம், அந்த மார்ச்சில் எங்கே போவார்கள், அதை எழுதுங்கள் என்றார்.

ஆபீஸ் இங்கிலீஷ் பழக்கத்தில் 'மேற்படி வெளிநாட்டவரை வெளியேற்றிவிடுவார்களோ என்ற அச்சத்தால்' என்று ஆரம்பித்தேன். தாளை எட்டிப் பார்த்தார்.

"வெளிநாட்டவர் வேணாம். அடிச்சிடுங்க. எங்க அக்கான்னு போடுங்க."

அடித்தேன். அடுத்த சொல் எழுத வெகுநேரம் ஆயிற்று.

கையெழுத்துப் போட்டு எடுத்துக்கொண்டு போயிருக்கிறார். மணி இரண்டு. சாதம் வடித்து வைத்துவிட்டேன். வசந்தி இன்னும் தாழ் திறக்கவில்லை.