சயாம் முகாமில் ஒரு சாட்சி

மெரிலேண்ட்ஸ், சிட்னி
14.08.1977

அன்புள்ள மகன் சிறிதரனுக்கு,

கடவுள் புண்ணியத்தில் நானும் அம்மாவும் அக்கா வீட்டில் குறையில்லாமல் இருக்கிறோம், நீயும் மருமகள் யோகாவும் பயம் தெளிந்து நிம்மதியாக இருக்க வேண்டும் என்பதுதான் இப்போது எங்கள் நேர்த்தி. இங்கே குளிர் இன்னும் விடவில்லை. அம்மாவுக்கு முழங்கால் உளைவு, குசினியில் கதிரையைப் போட்டு இருந்தபடியே சமைக்கிறார். கிரிஜா அக்காவுக்குப் பரமட்டாவில் வேலை கிடைத்து ரயிலில் போய் வருகிறாள். உன் கடிதம் செவ்வாய்க்கிழமை வந்தது. கரண்ட் இல்லாத நேரம் கள்ளன் வீட்டுக்குள் வந்து யோகாவின் சங்கிலியை அறுத்த இடத்தை அம்மாவுக்கு மெதுவாகத்தான் வாசித்துக் காட்டினேன், அப்படியும் அழுதுவிட்டார். பிடிபட்டவன் பக்கத்து வீட்டில் முன்பு காவலுக்கு நின்றவன் என்றும், அவன் கையில் கத்தி இருந்ததா என்று நீங்கள் இருவரும் காணவில்லை என்றும் எழுதியிருக்கிறாய். நீ படிப்பிக்கப் போன அந்த நாட்டு இராணுவ ஆட்சியில் வெறுங்கைக் கள்ளனை மறியலில் அடைப்பார்கள், ஆயுதம் வைத்திருந்தவனைத் துவக்கால் சுட்டுக் கொல்வார்கள். கத்தியைக் கண்டேன் என்று ஒரு வரி சேர்த்துச் சொல்லும்படி பொலிஸ்காரர் கேட்டதையும், யோகா பட்ட பாட்டுக்கு அவனுக்கு அது தகும் என்று உனக்குத் தோன்றுவதையும் வாசித்த பிறகுதான் இந்தக் கடிதத்தை எழுதத் தொடங்கினேன்.

நீ பிறக்குமுன், யப்பான்காரர் மலாயாவைப் பிடித்திருந்தபோது, ஈப்போ ஆஸ்பத்திரியில் மருந்து கட்டும் டிரெசராக இருந்த என்னைச் சயாமில் ரயில்பாதை போடும் முகாமுக்குக் கொண்டுபோனது உனக்குத் தெரியும். அங்கே கண்டதை நான் உங்களுக்குச் சொன்னதில்லை. ரப்பர் தோட்டங்களிலிருந்து நம் சனத்தை நல்ல சம்பளம் என்று ஏமாற்றியும், பிடித்து லொறியில் ஏற்றியும் கொண்டுவந்திருந்தார்கள். பேருக்குக் கூலிகள், உண்மையில் அடிமைகள். ஓடினால் அடி, எதையாவது எடுத்தால் சாவு, அதுதான் அங்கே சட்டம். கம்பளி எடுத்தான் என்று ஒருவனை மூங்கிலில் கட்டி வெயிலில் விட்டார்கள். தண்ணீர் கொண்டுபோன என்னையும் துவக்குப் பிடியால் அடித்தார்கள். மறுநாள் அவன் செத்துப்போனான். கண்டேன் என்று ஒருவன் கைகாட்டியதே போதுமாயிருந்தது. அதற்குப் பிறகுதான் வாந்திபேதிக்காரருக்குக் கஞ்சி வைக்க வைத்திருந்த அரிசி மூட்டை காணாமல் போனது. கஞ்சி காய்ச்சி, இரவில் அந்த மூட்டைக்கு அருகே படுக்கும் நரசிம்மன் தஞ்சாவூர்ப் பக்கத்து ஆள், கோபக்காரன். அன்று நோயாளிகளுக்கு வெறும் சுடுதண்ணீர்தான். கள்ளன் கிடைத்தால் கழுத்தை நெரிப்பேன் என்று அவன் கத்தியதை எல்லோரும் கேட்டோம். சிப்பாய்கள் அங்கமுத்து என்ற இளம் தொழிலாளியை இழுத்துவந்து நிறுத்தினார்கள், முதல்நாள் மூட்டைக்குப் பக்கத்தில் நின்றான் என்பது மட்டும்தான் காரணம். இவன்தான் என்று தலையாட்டு, உனக்கு இரட்டைப் பங்கு சோறு என்று மொழிபெயர்த்தவன் நரசிம்மனிடம் சொன்னான். நரசிம்மன் அங்கமுத்துவை நன்றாகப் பார்த்தான். “சத்தம் கேட்டுச்சுங்க. ஆளைப் பாக்கல” என்றான். பெரிய கல்லொன்றைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடிக்கச்சொல்லி நரசிம்மனை வெயிலில் நிறுத்தினார்கள், கை இறங்கும்போதெல்லாம் அடி, திரும்பவும் அதே கேள்வி, அதே பதில். கடைசியில் அவர்களே அலுத்துப்போய் அங்கமுத்துவைப் பிரம்பால் விளாசி வேறு முகாமுக்கு அனுப்பிவிட்டார்கள். நரசிம்மனின் தோளுக்கு நான்தான் மருந்து கட்டினேன். அங்கமுத்துமேல் உனக்கென்ன அவ்வளவு பாசம் என்று கேட்டேன். “பாசமா? அவன்தான் எடுத்திருப்பான்னு எனக்கே தோணுதுங்க. ஆனா நான் பாக்கலையே” என்றான். அந்தக் கை பிறகு மேலே எழும்பவில்லை. மழைக்காலத்தில் வாந்திபேதியில் அவனும் போய்விட்டான்.

யுத்தம் முடிந்த அடுத்த வருடம் தைப்பிங் ரயில் நிலையத்தில் ஒருவன் ஓடிவந்து என் கையைப் பிடித்தான், பார்த்தால் அங்கமுத்து. பக்கத்தில் பெண்சாதி, அவள் இடுப்பில் குழந்தை. நரசிம்மன் அண்ணன் எங்கே என்று கேட்டான், சொன்னேன். பிளாட்பாரத்திலேயே இருந்துவிட்டான், ரயில் வந்தும் எழும்பவில்லை. அரிசியை எடுத்தது அவன்தானா என்று நான் கேட்கவில்லை. இன்றும் எனக்குத் தெரியாது.

மகன், சங்கிலியை அறுத்தவன் மறியலுக்குப் போகட்டும், அதில் எனக்கு இரக்கமில்லை. வீட்டுக்குள் வந்தவனைக் கண்டதைச் சொல். கத்தியைக் காணவில்லை என்றால் காணவில்லை என்றே சொல். பொலிஸ்காரர் முகம் சுளிப்பார்கள், அவர்களைப் பகைத்தாய் என்று பள்ளிக்கூடத்திலும் உன்மேல் வருத்தப்படலாம். வேலை போனால் போகட்டும், யோகாவையும் கூட்டிக்கொண்டு இங்கே வா, அக்காவும் அத்தானும் ஒரு அறையை ஒதுக்கித் தருவதாகச் சொல்கிறார்கள். அவளோடு கோபித்துக் கதைக்காதே, அவள் பயந்தவள், பக்கத்தில் இருந்து பொறுமையாகச் சொல்லு.

அம்மா உறைக்குள் திருநீறு வைத்திருக்கிறார், இருவரும் பூசிக்கொள்ளுங்கள். மலேரியாக் குளிசையை ஞாயிற்றுக்கிழமைகளில் தவறாமல் போடுங்கள். பிள்ளையார் உங்கள் இருவருக்கும் துணை நிற்கட்டும். கோர்ட்டில் சொல்லி முடித்ததும் ஒரு தந்தி அடி, ‘காணவில்லை’ என்ற ஒரு சொல் போதும், நாங்கள் விளங்கிக்கொள்வோம்.

இப்படிக்கு,
உன் அன்பு அப்பா,
ச. அரியரத்தினம்