ஏழு ஆழாக்குப் படி

மாப்பிள்ளையூரணி,
5-10-1946

சிரஞ்சீவி மகன் பால்துரைக்கு, உன் அப்பன் காலமான நாளிலிருந்து உன்னை வளர்த்து ஆளாக்கிய சித்தப்பன் மனமார வாழ்த்தி எழுதுவது. இங்கே நான், உன் பெண்சாதி பகவதி, உன் மகள் செல்லக்கனி, ஆடுகள் இரண்டு, ஆக ஐந்து ஜீவன்களும் செந்தூரான் தயவில் சுகமாக இருக்கிறோம், கொழும்பு மழையில் உன் இருமல் அடங்கிய சேதிக்குக் காத்திருக்கிறோம். நிற்க. இதில் நான் சொல்லப்போகும் கதையை ஈரேழு உலகத்திலும் ஒருவரும் நம்பமாட்டார்கள் என்று கடலைத் தொட்டுச் சத்தியம் செய்து தொடங்குகிறேன். அங்கே நீ வேலை பார்க்கும் கடையில் உரக்க வாசித்துவிடாதே, உன்னைக் கட்டிப்போட்டு வைத்தியனைக் கூப்பிடுவார்கள்.

ஜூனில் பள்ளிக்கூடம் சேர்ந்த பிள்ளை இந்தப் பருவத்தில் என்ன படித்தாள் என்று கேட்டிருந்தாய். என்ன படிக்கவில்லை என்று கேள். அகரம் முதல் ஃ வரை விரலால் மணலில் எழுதிவிட்டாள், எழுதித் தள்ளிய மணல் பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் ஒரு புதுத் தேரிமேடாக எழும்பி நிற்கிறது. சிப்பி ஓடுகளை வைத்து நூறு வரை எண்ணுகிறாள், துறைமுகத்தில் எத்தனை தோணி என்று இவளைக் கேட்டபிறகுதான் அங்கே விளக்கு ஏற்றுகிறார்களாம். களிமண்ணில் ஐந்து காலோடு ஒரு ஆடு செய்தாள், ஏன் என்று கேட்டதற்கு "அது வாலு தாத்தா, சோர்ந்துபோய்த் தொங்குது" என்கிறாள். கிழமைகள் ஏழும் தெரியும், வாடைக்காற்று எந்தப் பக்கமிருந்து வரும் என்றும் தெரியும். கடைசியாக ஆவணியில் அளவுப் பாடம் வந்தது. இரண்டு ஆழாக்கு ஒரு உழக்கு, இரண்டு உழக்கு ஒரு உரி, இரண்டு உரி ஒரு படி, ஆக எட்டு ஆழாக்கு ஒரு படி. அளக்கும்போது தலைதட்டி அளக்கவேண்டும், குவித்தால் கிருபை டீச்சர் விடமாட்டார்கள். பிள்ளை இதை ஒப்பிக்க ஒப்பிக்க, மூன்று வருஷமாக என் வயிற்றில் புகைந்துகொண்டிருந்த நெருப்புக்குக் காற்று வந்துவிட்டது.

எந்த நெருப்பு என்று உனக்குத் தெரியும். வன்னியபெருமாள். அந்தப் பெயரை எழுதிய மைக்கூட்டை நாளைக்கே உப்பளத்தில் புதைத்துவிடுவேன். அவனுடைய அரிசிக்கடையில் நீ அளந்துகொடுத்தாய், வாங்கிப்போன செண்பகம் வீட்டில் அளந்து பார்த்து அரிசி குறைகிறது என்று திரும்பி வந்து கத்தினாள், உடனே அந்த மகாபாவி, தெருவே பார்க்க உன் சட்டையைப் பிடித்து, "ஏலே, படிக்கு ஒரு கை அள்ளி மடியில கட்டுதியா?" என்றான். திருட்டுப் பட்டம் போகிறவரை இந்த மண்ணை மிதிப்பதில்லை என்று நீ கொழும்புத் தோணியில் ஏறினாய். நீ போனபிறகும் அரிசி குறைந்துகொண்டேதான் இருந்தது பார்த்துக்கொள். கேட்டால், "சாக்குலயே கொறையுது, நான் என்ன செய்ய?" என்பான். அவனைத் தலைகுனிய வைக்கிறவரை சவரம் செய்வதில்லை என்று நான் சபதம் எடுத்தேன். தாடி வளர்ந்து முத்தையாபுரம் வரை போய், அங்கே அதில் துணி காயப்போட்டார்கள்.

பருவம் முடிகிற வெள்ளிக்கிழமை, பிள்ளைகள் கற்றதை அம்மைமார் முன்னால் செய்துகாட்டுவதாக ஏற்பாடு. பள்ளிக்கூடத்தில் சர்க்கார் முத்திரை குத்திய ஆழாக்கு இருக்கிறது, படி இல்லை. நான் கொண்டுவருகிறேன் டீச்சர் என்று நெஞ்சில் அடித்துச் சொன்னேன். அன்று காலை ரேஷனுக்கு வரிசை வளைந்து நிற்கிற நேரமாகப் பார்த்துக் கடைக்குப் போய், "அண்ணாச்சி, ஊருக்கே உதாரணமா ஒரு படி வேணுமாம், உங்க கடைப்படியை விட்டா வேற ஏது? நீங்களும் வந்து முன்னால நாற்காலியில உக்காரணும்" என்றேன். அவனுக்கு முகம் பூசணிக்காயாகப் பூரித்தது. "அதுக்கென்ன, வீட்டுல புதுப்படி கெடக்கு, குடுத்தனுப்புதேன்" என்றான். "ஏன் அண்ணாச்சி, கையில இருக்க படிக்கு என்ன கேடு?" என்றேன். வரிசையில் நின்ற செண்பகம், "அதானே, எங்களுக்கு ஆகுத படி பிள்ளைகளுக்கு ஆகாதோ?" என்றாள். நாற்பது கண் அவன் கையைப் பார்த்தது. கொடுக்காவிட்டால் ஏன் என்று கேட்பார்கள். அசட்டுச் சிரிப்பு சிரித்து, "கொண்டு போரும், ஒண்ணாங்கிளாசுப் பொடிசுகளுக்கு என்ன தெரியும், மண்ணை அள்ளி வெளையாடும்" என்று நீட்டினான். அதை வாங்கித் தோளில் வைத்து நான் நடந்த வேகத்தில் திருச்செந்தூர்க் கோயில் மணி தானாக அடித்ததாம்.

அன்று பள்ளிக்கூடத்தில் பத்தாயிரம் பேர். அவன் முன்வரிசையில் சந்தனம் பூசி உட்கார்ந்திருந்தான். டீச்சர் செல்லக்கனியைக் கூப்பிட்டார்கள். பிள்ளை ஆழாக்கில் மணலை அள்ளி, சிலேட்டு விளிம்பால் தலைதட்டி, ஒன்று என்று சொல்லிப் படியில் போட்டாள். இரண்டு. மூன்று. ஏழாவது விழுந்ததும் மணல் விளிம்பைத் தொட்டுவிட்டது. எட்டாவதைக் கையில் பிடித்துக்கொண்டு, "டீச்சர், இதை எங்க போட?" என்றாள். வன்னியபெருமாள் உட்கார்ந்தபடியே, "பிள்ளைக்கு எண்ணத் தெரியலை, அப்பன் புத்தி அப்படியே இருக்கு" என்றான். பிள்ளை அழவில்லை, படியைக் கவிழ்த்துவிட்டு மறுபடியும் ஒன்று என்றாள். இப்போது முப்பது பிள்ளைகளும் சேர்ந்து எண்ணின. ஏழு என்ற சத்தத்தில் துறைமுகத்துக் கப்பல்கள் பதிலுக்கு ஊதின, உப்புக் குவியல்கள் வெட்கத்தில் கரைந்தன. செண்பகம் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு வந்து, படியைத் தூக்கி உள்ளே கைவிட்டுத் தட்டினாள். அடியில் ஒரு தகடு, சுற்றிலும் அரக்கு. நகத்தால் நெம்பி எடுத்து அவன் மடியில் போட்டு, "அண்ணாச்சி, இது எந்தச் சாக்குல இருந்துச்சு?" என்றாள். பிறகு பகவதி பக்கம் திரும்பி, "ஏளா, என் வாயாலதான் உன் மாப்பிள்ளைக்குக் கெட்ட பேரு வந்துச்சு, இதே வாயால வரச்சொல்லுதேன்னு எழுது" என்று சொல்லி அழுதாள். வன்னியபெருமாள் குறுகிக் குறுகி ஆழாக்கு அளவுக்கு வந்து, வாசலில் படுத்திருந்த ஆட்டுக்கு அடியில் புகுந்து வெளியேறினான்.

அதோடு விட்டேனா? படி இப்போது சர்க்கார் ஆபீசில் சாட்சியாக உட்கார்ந்திருக்கிறது. தினமும் காலையில் சவரம் செய்த முகத்தோடு போய் ஒரு ஆழாக்குப் பருப்பு கேட்டு, அவனே தலைதட்டி அளக்கிறவரை நகராமல் நிற்கிறேன். லீவு விட்டாலும் ஒண்ணாங்கிளாசு முழுக்க அவன் கடைமுன்னால் வரிசையாகப் போய், ஒன்றிலிருந்து ஏழு வரை உரக்க எண்ணி, அங்கே நிறுத்தி, அவன் முகத்தைப் பார்த்துவிட்டு நடக்கிறது. இந்தப் பாட்டை அவன் ஆயுசுக்கும் கேட்கவேண்டும், அதற்கு அவனுக்கு நீண்ட ஆயுசைக் கொடு என்று தினமும் விளக்குப் போடுகிறேன்.

இனி நீ வரத் தடை இல்லை. உனக்கு ஒன்று சொல்லவேண்டும். அன்று நீ கடையிலிருந்து வந்து நின்றபோது, சாப்பிட்டாயா என்று கேட்காமல், "எடுத்தியாலே?" என்று நான் கேட்டேன். நீ உடனே பெட்டியைக் கட்டினாய். அவன்மேல் நான் வளர்த்த வஞ்சத்தில் பாதி எனக்குச் சேரவேண்டியது. நீ வந்து என் முகத்துக்கு நேராகத் திட்டிவிட்டால் எனக்குத் தூக்கம் வரும்.

தீபாவளிக்கு முந்தின தோணியைப் பிடி, மார்பில் கம்பளித் துணி சுற்றிக்கொள், பிள்ளைக்குப் புதுச் சிலேட்டு மறக்காதே, பழையது தலைதட்டியே விளிம்பு தேய்ந்துவிட்டது. நீயும் உன் குடும்பமும் குறையாமல் நிறைந்து வாழவேண்டும்.

பத்தாயிரம் பேர் என்றேனே, பதினொரு அம்மைமார்தான். கப்பல் ஊதியது மத்தியானம் வழக்கமாக ஊதுவது. தாடி நாலு விரல்கூட இருந்ததில்லை. அவன் குறுகவுமில்லை, துண்டை உதறிக்கொண்டு என்னை முறைத்துவிட்டுப் போனான். எல்லாவற்றையும் கழித்துவிடு. ஏழு ஆழாக்கோடு அந்தப் படி நிறைந்தது, அது மட்டும் நிஜம். இரண்டு தரமும் நான் பக்கத்தில் நின்று பார்த்தேன்.

இப்படிக்கு,
உன் சித்தப்பன்
சிவனணைந்தபெருமாள்