கானில் ஊற்றிய மஞ்சள்

இன்று காலை என் வெள்ளைச் சட்டைக் கையில் பருப்புக் கறி பட்டுவிட்டது. சவர்க்காரத்தை எடுத்துத் தேய்த்தேன். மஞ்சளாக இருந்த கறை என் கண் முன்னாலேயே செக்கச் செவேலென்று சிவந்தது. சமைக்கத் தொடங்கிய நாளிலிருந்து இந்தச் சிவப்பை எத்தனை தரம் பார்த்திருப்பேன். இப்போதெல்லாம் அதைப் பார்த்தால் எனக்குச் சிரிப்பு வந்துவிடுகிறது. குளியலறையில் தனியே நின்று சிரிக்கிறவளைப் பற்றி வீட்டில் என்ன நினைப்பார்கள்? எல்லாம் உம்மால் வந்த வினை. உமக்கு ஒரு செய்தியும் வைத்திருக்கிறேன். பொறும், அதைக் கடைசியில் சொல்கிறேன்.

வெள்ளவத்தையில் கடற்கரைக்கு இறங்குகிற எங்கள் ஒழுங்கையில், அந்தத் தொடர்மாடியில், நீர் மூன்றாம் மாடி, நான் நேர் கீழே இரண்டாம் மாடி. கொட்டாஞ்சேனையில் துறைமுகக் காற்றுப் பட்டு வளர்ந்த நீர், கலியாணம் கட்டி இங்கே வந்ததே கடலுக்காகத்தான் என்பீர். உம்முடைய அவர் பக்கத்தில் இருக்கும்போதே சொல்வீர். மனுஷன் பேப்பருக்குப் பின்னால் சிரிப்பார். விடியத் தண்டவாளம் கடந்து, கற்களுக்கு நடுவே இருக்கிற அந்தச் சின்னக் குடாவில் இறங்கி முழுகிவிட்டு வந்தால்தான் உமக்குத் தேத்தண்ணி இறங்கும். நானோ கிணற்றடியில் குளித்து வளர்ந்த யாழ்ப்பாணத்தாள். கடல் கூப்பிடு தூரத்தில் இருந்தும் முப்பது வருடம் கால் நனைக்காதவள். "ஒருநாளைக்கு வாருமப்பா, தண்ணி இளஞ்சூடா இருக்கும்" என்று நீர் கூப்பிடாத கிழமை இல்லை. "எனக்குத் தடிமன் பிடிக்கும், மூக்கு ஒழுகும்" என்று நான் தட்டிக்கழிக்காத கிழமையும் இல்லை.

அப்படியிருக்க உமக்குக் காலெல்லாம் சொறி வந்தது. "கான் ஊத்தைத் தண்ணி வந்து விழுற இடத்திலயோ குளிக்கிறீங்கள்? இனிக் கடல் வேண்டாம்" என்று டொக்டர் சொல்லிவிட்டார். அன்றைக்கு நீர் என் வீட்டுக் கதிரையில் இருந்து அழுதீர். அதற்கு முன்னும் பின்னும் நீர் அழுது நான் கண்டதில்லை. நான் இரண்டு தரம் தேத்தண்ணி போட்டேன்.

அழுது முடித்த கையோடு குடியிருப்பாளர் கூட்டத்துக்கு வந்து நின்றீர். ஞாயிற்றுக்கிழமை விடிந்தால் ஒழுங்கை முழுக்கக் கார் கழுவல். அந்தச் சவர்க்கார நுரையும் எண்ணெயும் மழைத்தண்ணீர் ஓடுகிற கானுக்குள் போகிறது, கான் கடலுக்குப் போகிறது, நிறுத்துங்கள் என்றீர். கீழ்மாடி இஞ்சினியர் ஐயா எழும்பினார். "உது பெரிய பைப்பில போய் எங்கையோ சேருது தங்கச்சி. எங்கட சவர்க்காரத்துக்கும் கடலுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை" என்றார். செயலாளர் என்று குந்தியிருந்த நானும் ஓம் ஓம் என்று தலையாட்டினேன். நீர் என்னை ஒரு பார்வை பார்த்தீர். "சரி, அப்ப பாப்பம்" என்று மட்டும் சொன்னீர்.

அடுத்த ஞாயிறு, எல்லாரும் கார் கழுவுகிற நேரம் பார்த்து, ஒரு வாளி நிறைய மஞ்சளைக் கரைத்துக்கொண்டு வந்தீர். இறக்குமதி நின்று, கடை கடையாக ஏறி இறங்கினாலும் மஞ்சள் கிடைக்காத காலம் அது. நான் கறிக்கே கிள்ளித்தான் போட்டுக்கொண்டிருந்தேன். நீர் முழு வாளியையும் கானில் கவிழ்த்தீர்.

"உமக்கென்ன விசரே?" என்று கேட்டேன்.

"விசர்தான். செருப்பைப் போட்டுக்கொண்டு வாரும்" என்று கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனீர்.

கான் கடற்கரை மணலில் வாய் திறக்கிற இடத்தில் போய் நின்றோம். மஞ்சளாக வரும், போட்டோ எடுத்துக் கூட்டத்தில் காட்டுவோம் என்பது உம்முடைய திட்டம். வந்ததோ சிவப்பு. இரத்தம் மாதிரியே குபுகுபுவென்று மணலில் பாய்ந்தது. உடற்பயிற்சிக்கு நடக்க வந்தவர்கள் கூடிவிட்டார்கள். ஒரு அம்மா நெஞ்சில் கை வைத்துக்கொண்டு கல்லில் இருந்துவிட்டார். யாரோ பொலிஸுக்குப் போன் அடித்துவிட்டார்கள்.

வந்த பொலிஸ்காரர் கானையும் பார்த்து உம்மையும் பார்த்து, "மொகத மே ரத்து பாட்ட?", இதென்ன சிவப்பு நிறம் என்று சிங்களத்தில் கேட்டார். நீர் மஞ்சள் பிடித்த இரண்டு கையையும் விரித்துக் காட்டி, "கஹ மஹத்தயா, கஹ விதராய்" என்றீர். வெறும் மஞ்சள்தான் என்றால் எந்தப் பொலிஸ்காரர் நம்புவார்? கண்ணுக்கு முன்னால் சிவப்பாக அல்லவா ஓடுகிறது.

அந்த நேரம்தான் எனக்கு என் சட்டைக் கறைகள் ஞாபகம் வந்தன. ஓடிப்போய் ஒழுங்கையில் நின்ற முதல் வாளியைத் தூக்கிக்கொண்டு வந்தேன். அது இஞ்சினியர் ஐயாவின் வாளி. அவரும் பின்னாலேயே ஓடி வந்தார். அந்த நுரையில் ஒரு கை அள்ளி உம்முடைய உள்ளங்கையில் தேய்த்தேன். மஞ்சள் கை சிவந்தது. பொலிஸ்காரர் விழுந்து விழுந்து சிரித்தார். தன்னுடைய மனுசியும் சட்டை தோய்க்கும்போது இப்படித்தான் வருகிறதென்று ஏசுவாளாம். இஞ்சினியர் ஐயா சிரிக்கவில்லை. வாளியைத் திருப்பி வாங்கிக்கொண்டு, கான் வாயைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார்.

பின்வளவில் சும்மா கிடந்த நிலத்தில் சல்லிக்கல்லும் மணலும் பரப்பிச் சுற்றிவரக் கல்வாழை நட்டது அவர்தான். இனிக் கார் கழுவுவதென்றால் அங்கே, அந்தத் தண்ணீர் மண்ணுக்குள் இறங்கட்டும் என்றார். மூன்று மொழியிலும் நோட்டீஸ் அடித்தது நான்: "இந்தக் கான் கடலுக்குப் போகிறது. மழைத்தண்ணீர் மட்டும்." நீர் செய்தது சபதம். "மஞ்சள் ஊத்தி, மஞ்சளாவே வந்தாத்தான் நான் கடலில இறங்குவன்" என்று ஒழுங்கை முழுக்கச் சொல்லி வைத்தீர்.

மாதத்துக்கு ஒரு ஞாயிறு, ஒரு கரண்டி மஞ்சள். இரத்தச் சிவப்பு செங்கல் நிறமாகியது. செங்கல், தம்பிலி இளநீர்த் தோலின் செம்மஞ்சள் நிறமாகியது. பிறகு அசையவே இல்லை. ஒரு வருடம் அதே தம்பிலி நிறம். ஒழுங்கையில் ஒருவரும் கார் கழுவுவதில்லை, ஆனாலும் எங்கிருந்தோ சவர்க்காரம் வந்துகொண்டிருந்தது. "நோட்டீஸ் அடிச்ச ஆக்களின்ர வீட்டையும் ஒருக்காப் பாக்க வேணும்" என்று நீர் பகிடி விட்டீர். "என்னட்டக் காரே இல்லை, போம்" என்று எனக்குக் கோபம் வந்துவிட்டது. இரண்டு நாள் உம்மோடு கதைக்கவும் இல்லை.

அதற்கடுத்த மாசியில் நீர் நெஞ்சு நோவென்று ஆஸ்பத்திரிக்குப் போனீர், திரும்பி வரவில்லை. கொட்டாஞ்சேனை மாதா கோயிலில் உம்முடைய சவப்பெட்டிக்குப் பக்கத்தில் நிற்கும்போது எனக்கு ஒரே ஒரு நினைவுதான். இந்த மனுசி கடலில் இறங்காமலே போய்விட்டாள்.

இனித்தான் செய்தி. மூன்று மாதத்துக்கு முன் என் சலவை மெஷின் பழுதாகியது. திருத்த வந்தவர் பல்கனியில் குனிந்து பார்த்துவிட்டு, "அக்கா, உங்கட மெஷின் பைப்பை மழைப்பைப்பிலயெல்லோ பூட்டியிருக்கு. இது நேர கானுக்குத்தான் போகும்" என்றார். ஞாயிறு காலையில்தான் நான் ஒரு கிழமை உடுப்பையும் போடுவேன், நீர் மஞ்சள் ஊற்றுகிற அதே நேரம். உம்முடைய கடலைக் கெடுத்தவள் நான்தான். பல்கனியிலேயே இருந்து அழுதேன். திருத்த வந்தவர் பயந்துபோய், "இது சின்ன வேலை அக்கா, மாத்தலாம்" என்றார். பிறகு மேலே எட்டிப் பார்த்துவிட்டு, "மேல் வீட்டு மெஷினும் இதே பைப்பிலதான்" என்றார்.

மேல் வீடு யாருடையது? உம்முடையது. மஞ்சள் வாளி தூக்கினவவும் கள்ளி, நோட்டீஸ் அடிச்சவவும் கள்ளி. அழுத கண்ணோடு மேலே ஓடிப்போய் உம்முடைய அவருக்குச் சொன்னேன். நீர் போன பிறகு அவர் வாய்விட்டுச் சிரித்து அன்றைக்குத்தான் கண்டேன். இரண்டு பைப்பையும் அந்தக் கிழமையே மாற்றினோம். கூட்டத்தில் எழும்பி நின்று, நான் உள்ளதைச் சொன்னேன். இஞ்சினியர் ஐயா ஒரு பகிடியும் விடவில்லை, தன்னுடைய வீட்டுப் பைப்பைப் பார்க்கக் கீழே இறங்கிப் போனார்.

போன ஞாயிறு உம்முடைய அவர் கானில் மஞ்சளை ஊற்றினார். நான் கடற்கரையில் நின்றேன். வர நேரம் எடுத்தது. வந்தது மஞ்சள். கல்யாண வீட்டுக் கிண்ணத்தில் இருக்கிற மாதிரிச் சுத்தமான மஞ்சள்.

நேற்று விடிய அவர் உம்முடைய நீலத் துவாயைக் கொண்டுவந்து தந்தார். தண்டவாளம் கடந்து போய், கற்களைப் பிடித்துக்கொண்டு, கழுத்தளவு தண்ணீரில் இறங்கினேன். இளஞ்சூடாக இருக்கும் என்று இத்தனை வருடம் சொன்னீரே, பச்சைப் பொய். உடம்பெல்லாம் நடுங்கியது. நான் சொன்னபடி தடிமனும் பிடித்துவிட்டது. துவாய் என் பல்கனியில் காய்கிறது. நாளைக்கும் போவேன்.