மலை எந்தப் பக்கம் வரும், அண்ணே?

சைக்கிளை எங்கள் வீட்டில் விட்டுவிட்டு பஸ் ஏறிப் போன என் அண்ணனுக்கு,

சேவுகம்பட்டியில் எல்லோரும் சுகம். உன் மருமகள் வள்ளிக்குக் காது குத்தியாச்சு. இதை உன்னிடம் சொல்லாமல் வேறு யாரிடம் போய்ச் சொல்வது?

காது குத்தும்போது பிள்ளை தாய்மாமன் மடியில்தான் உட்கார வேண்டும். எனக்குக் கூடப் பிறந்தது நீ ஒருத்தன். உன்னைக் காமாலை கொண்டுபோய்விட்டது. கடைசியாக நீ வந்த அன்றைக்கே உன் கண் மஞ்சளாகத்தான் இருந்தது. கேட்டதற்கு "வெயிலு" என்று மழுப்பினாய். சாயங்காலம் உன்னால் நிற்க முடியவில்லை. என் வீட்டுக்காரர்தான் உன்னைத் தாங்கிப் பிடித்து திண்டுக்கல் பஸ்ஸில் ஏற்றினார். "வண்டி இங்கயே கெடக்கட்டும் தாயி, அடுத்த வாரம் வந்து எடுத்துக்கிறேன்" என்றாய். அதிலிருந்து அது எங்கள் தொழுவத்தில் மாட்டுக்குப் பக்கத்தில் நிற்கிறது. உன் மேல் எனக்குக் கோபம் தீரவில்லை, அண்ணே. கண் மஞ்சளானவன் அவ்வளவு தூரம் சைக்கிள் மிதிப்பானா?

காது குத்துப் பேச்சு வந்ததும் என் மாமனார் சொன்னார்: "ஒங்க பெரியப்பா மகன் முத்தையா இருக்கான்ல, அவனும் மாமன்தானே. அவன் மடியில வச்சுக் குத்திருவோம்."

முத்தையா நல்லவன்தான். ஆனால் வள்ளி அவன் முகத்தையே பார்த்ததில்லை. எனக்கு எங்கிருந்து அவ்வளவு துணிச்சல் வந்ததோ, "மாமா, எங்கண்ணன் இவளை உக்கார வச்ச எடம் தொழுவத்துல நிக்குது. அதுல வச்சுக் குத்துங்க" என்றேன்.

முன் பாரில் நீ கட்டிய சின்னப் பலகையும் அதன்மேல் மடித்து வைத்த உன் மில் துண்டும் அப்படியேதான் இருக்கின்றன. வந்து இறங்கியதும் தண்ணீர்கூடக் குடிக்காமல் அவளை அதில் உட்கார வைத்து, ரெண்டு கையாலும் அணைத்தபடி ஊரைச் சுற்றுவாயே. அதுதானே உன் மடி?

"சைக்கிளு மடியாகுமாத்தா? செத்தவன் சாமானை நல்ல காரியத்துக்குக் கொண்டாந்தா ஊரு காறித் துப்பும்" என்றார் மாமனார். நான் அன்றைக்குச் சோறு பொங்கவில்லை. வீட்டுக்காரர் போய்ச் சைக்கிள் சங்கிலிக்கு எண்ணெய் விட்டார். அதைப் பார்த்த மாமனார், "சரி, வண்டி நேரத்துக்குக் கோயிலுக்கு வந்து சேரட்டும், பாப்போம். நல்ல நேரம் தப்புனா முத்தையா மடிதான். அப்புறம் ஒரு பேச்சுப் பேசக் கூடாது" என்றார்.

குலசாமி கோயில் ஆத்தூருக்குப் பக்கத்தில் என்பது உனக்குத் தெரியும். சனமெல்லாம் வண்டி கட்டிக்கொண்டு முன்னாலேயே கிளம்பிவிட்டார்கள். நாங்கள் உன் சைக்கிளில். வள்ளி பலகையில், நான் பின்னால் கேரியரில். செம்பட்டி வழியாக பஸ் ரோட்டில் போய்விடலாம் என்றார் வீட்டுக்காரர். நான் விடவில்லை. "ஆறு நாளும் மில்லு எரைச்சல். ஏழாம் நாளாச்சும் காது சும்மா கெடக்கட்டும்" என்று சொல்லித்தானே நீ அந்த ரோட்டை ஒதுக்கினாய்? திண்டுக்கல்லிலிருந்து ஆத்தூர், சித்தையன்கோட்டை, அய்யம்பாளையம், பட்டிவீரன்பட்டி என்று மலையடிவாரத்தையும் ஆற்றையும் பிடித்துக்கொண்டு வருவாயே, அதில்தான் போக வேண்டும் என்றேன். "வழி தெரியுமா?" என்றார். எங்கண்ணன் ரோடு எனக்குத் தெரியாதா என்று வீறாப்பாகச் சொல்லிவிட்டேன்.

தெரியவில்லை, அண்ணே.

அய்யம்பாளையம் தாண்டி, ஆற்றில் இறங்கி மணலில் சைக்கிளைத் தள்ளிக் கரையேறியதும் எல்லாம் புதுசாக இருந்தது. தென்னந்தோப்பைக் காணோம். இடிந்த மதகைக் காணோம். நீ நிறுத்தி எனக்குப் பதநீர் வாங்கித் தரும் பனங்கூட்டத்தைக் காணோம். பார்த்த இடமெல்லாம் மலைதான் நின்றது. ரோடு ரெண்டாகப் பிரிந்த இடத்தில் ஏதோ ஒரு பக்கத்தைக் காட்டிவிட்டேன். கொஞ்ச தூரத்தில் அது ஒரு சோளக்காட்டில் போய் முடிந்தது. வெயில் ஏறிக்கொண்டே இருந்தது. வள்ளி சிணுங்க ஆரம்பித்தாள். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

திரும்ப அந்தப் பிரிவுக்கே வந்து நின்றபோதுதான் புத்தியில் பட்டது. அம்மா வீட்டுக்கு நான் எப்போதும் அவரோடு பஸ்ஸில்தான் வருவேன். திரும்பக் கொண்டுவந்து விடுவதுதான் நீ. கேரியரில் இடப்பக்கம் காலைத் தொங்கப் போட்டு உட்கார்ந்து வருவேனா, வயலும் தோப்பும் என் முகத்துக்கு நேரே வரும். மலை முதுகுப் பக்கம் கிடக்கும். இத்தனை வருஷத்தில் உன் ரோட்டில் நான் பார்த்தது ஒரு பக்கம்தான். இப்போது எதிர்த் திசையில் போகிறோம். நான் தேடியதெல்லாம் என் முதுகுக்குப் பின்னால் இருந்தது.

இறங்கி வலப்பக்கம் காலைப் போட்டு உட்கார்ந்தேன். "ஏ புள்ள, பாக்கிறவுக சிரிப்பாக" என்றார். "சிரிச்சுட்டுப் போகட்டும், மிதிங்க" என்றேன். பிரிவில் இன்னொரு ரோட்டைப் பிடித்துக் கொஞ்ச தூரம் போனதும் மதகு வந்தது. அப்புறம் தோப்பு. அப்புறம் நம் பனைகள். ஒவ்வொன்றாக வரவர நான் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே வந்தேன். அவர் எழுந்து நின்று மிதித்தார்.

ஒன்று கேட்கிறேன். என்னை விட்டுவிட்டு நீ தனியாகத் திரும்பிப் போன ரோடு இதுதானே? ஒரு நாளாவது வாசலை விட்டு ரெண்டு எட்டு உன் கூட வந்து பார்த்திருக்கிறேனா? பின்னால் பேச்சுத் துணைக்கு ஆள் இல்லாமல், அந்த மலையைப் பார்த்துக்கொண்டேதான் போவாயா? என்ன நினைத்துக்கொண்டு போவாய்?

கோயிலுக்குப் போனபோது ஆசாரி ஊசியோடு தயாராக இருந்தார். முத்தையா பாயில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தான். நல்ல நேரம் முடியக் கொஞ்சமே இருந்தது. மாமனார் சைக்கிளையே பார்த்தார். சக்கரமெல்லாம் ஆற்று மணல். வள்ளி பலகையில் உன் துண்டைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கூட்டத்தில் யாரோ முணுமுணுத்தார்கள்.

முதலில் எழுந்தது முத்தையாதான். வேட்டியைத் தட்டிக்கொண்டு வந்து, "வண்டி சாயாம நான் பின்னால பிடிச்சுக்கிறேன்" என்றான். ஆசாரி, "எனக்கென்னப்பா, புள்ள தலை ஆடாம இருந்தாச் சரி" என்றார். வீட்டுக்காரர் ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொண்டார். ஊசி இறங்கியதும் வள்ளி வீரிட்டாள். அழுதுகொண்டே பெல்லை அடித்தாள், அண்ணே. நீ பழக்கிய பழக்கம். அடுத்த காதுக்கும் விடாமல் அடித்தாள். நான் சேலைத் தலைப்பை வாயில் வைத்து அடைத்துக்கொண்டேன்.

தாய்மாமனுக்குப் போட என்று வாங்கி வைத்திருந்த துண்டு தாம்பாளத்தில் இருந்தது. மாமனார் அதைக் கையில் எடுத்தார். முத்தையாவுக்குத்தான் போடப்போகிறார் என்று நினைத்தேன். அவர் நேரே வந்து சைக்கிள் ஹேண்டில்பாரில் போட்டார். ஒரு மனுஷன் தோளில் போட்டது போல ரெண்டு முனையையும் இழுத்துச் சமமாக்கினார்.

"தாய்மாமனுக்கு மரியாதை செஞ்சாச்சு. பந்தியப் போடுங்கப்பா" என்றார். சொல்லிவிட்டு அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

சித்தையன்கோட்டைப் பக்கம் இப்போது கரண்டுக் கம்பம் நட்டிருக்கிறார்கள். ரோடு போடப் போவதாகவும் பேச்சு. போட்டால் போடட்டும். வள்ளிக்குப் பெடலில் கால் எட்டட்டும், இந்தச் சைக்கிளில்தான் அவளுக்கு ஓட்டப் பழக்குவேன். பொம்பளைப் பிள்ளைக்கு எதற்கு என்று யார் கேட்டாலும் கேட்டுக்கொள்ளட்டும். நம் அம்மா வீட்டுக்கு அவள் உன் ரோட்டில் தானே ஓட்டிக்கொண்டு போவாள். கேரியரில் குந்திக்கொண்டு என்னைப் போல ஒரு பக்கத்தை மட்டும் பார்க்க மாட்டாள். இது சத்தியம்.

நீ திரும்பிப் போன வழியை இப்போதுதான் பார்த்த உன் தங்கச்சி,
பேச்சியம்மாள்